சிவப்புப் பெருக்கல் குறி

வியாழன் என்றால் கெர்வினில் ஆட்டுச் சந்தை.
மற்ற ஆறு நாளும் ஊர் கொட்டாவி விடும்.
பாலாடைக்கட்டிக் கடைக்கும் பழைய பூட்ஸ் கடைக்கும் இடையே
மடக்குமேசை போட்டு
டெலித் பியூ வரைபடம் விற்கிறாள்.
கையால் வரைந்தது, இரண்டு பவுண்ட்.
தப்பு இருக்கும் என்று சொல்லித்தான் விற்கிறாள்.
"வரைந்து முடித்த பிறகு
ஆறு இரண்டு தடவை மனம் மாறிவிட்டது."

வேலிகளில் ஏறிக் கடக்கும் மரப்படிகளைச்
செப்பனிடுவது அவள் சம்பள வேலை.
வேல்ஸின் இந்த ஓரத்தில்
எந்தப் பலகை எவ்வளவு கனம் தாங்கும் என்று
அவளுக்குத் தெரியும்.
என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு
நான்காம் படியைச் சுற்றி வட்டமிட்டுக் கொடுத்தாள்.

பாலம் என்று போட்டிருந்த இடத்தில்
இரண்டு கம்பங்கள், ஒன்றின் மேல் ஒரு நீர்க்காகம்.
காலணியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இறங்கினேன்.
முழங்காலுக்கு மேல் வந்த குளிர்
பல் வரைக்கும் போனது.

பெரணிப் புதருக்குள் சுண்ணாம்புக் காளவாய்.
எரிந்து கறுத்த அதன் வாய்க்குள்
கட்டைவிரல் அளவு ஒரு குருவி
என்னை ஏசித் தீர்த்தது.

அடுத்த வயலில் காளை.
இந்தப் பாதை எல்லோருக்கும் பொது என்கிறது சட்டம்.
காளை சட்டம் படித்ததில்லை.
வேலியோரமாக, முள் கிழித்த சட்டையோடு,
பொதுமக்களில் ஒருவனாக
மெல்ல நகர்ந்தேன்.

மண்கோட்டை குன்றின் உச்சியில்.
மூன்று சுற்று அகழி.
யாரோ யாருக்கோ பயந்து வெட்டியது.
யார், யாருக்கு என்பதெல்லாம்
புல்லாகிவிட்டது.
முயல்கள் மட்டும் இன்னும்
யாருக்கோ பயந்து ஓடுகின்றன.
கீழே ஊர்:
சர்ச் கோபுரம், தீவன ஆலை,
ஏலக் கொட்டகையின் தகரக்கூரை
வெயிலைத் திருப்பி அடித்தது.

கடைசியாக, சிவப்புப் பெருக்கல் குறி. துறவிமடம்.
இதற்காகத்தானே வந்தேன்.
மூன்று மைல், ஒரு பொத்தல் காலுறை.
அங்கே வயல் இருந்தது.
வயலில் காஞ்சொறி இருந்தது.
ஒரு மேடு, ஒரு தண்ணீர்த் தொட்டி,
தொட்டியில் ஒரு மேகம்.

நான்கு சக்கர பைக்கில் வந்த மெர்வின்
எஞ்சினை அணைக்காமலே கேட்டார்:
"மடமா? காலையில் அதைத் தாண்டித்தானே வந்திருப்பீர்கள்?"
ராஜா துறவிகளை விரட்டிய வருஷம்
ஊரே வண்டி கட்டிக்கொண்டு வந்ததாம்.
"செதுக்கின கல். சும்மா கிடந்தது.
நீங்களாக இருந்தால் விட்டிருப்பீர்களா?"
விட்டிருக்க மாட்டேன் என்றேன்.
நாயைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனார்.

திரும்பி வந்த ஊர், போன ஊராக இல்லை.
வங்கி வாசலின் மேல்கல்லில் திராட்சைக்கொடி.
கசாப்புக் கடைப் படிக்கட்டில்
பாதி லத்தீன் பெயர்,
மீதியைத் தொத்திறைச்சி வாங்க வந்தவர்கள்
மிதித்தே தின்றிருந்தார்கள்.
பொதுக் கழிப்பறைச் சுவரில்
ஒரு தேவதூதன் தலைகீழாக,
இறக்கையில் ஒட்டிய
தொலைந்த பூனையின் படம்.

டெலித் மேசையை மடக்கிக்கொண்டிருந்தாள்.
அங்கே மடமே இல்லை என்றேன்.
வரைபடத்தைப் புரட்டிக் காட்டினாள்.
பின்பக்கம், பொடி எழுத்தில்:
பெருக்கல் குறி என்றால், இப்போது இல்லை.

"கிடா ஏலம் முடிந்ததா பாருங்கள்," என்றாள்.
"ஏழாம் பட்டி, இடது மூலை."

முடிந்திருந்தது.
ஈர வைக்கோல், புழுக்கை, தகரத்தில் மழையின் முதல் சொட்டு.
மூலைச் சுவரில், இடுப்புயரத்தில் ஒரு முகம்.
புனிதரா, கொத்தனின் மச்சானா, தெரியாது.
கண் இருந்தது. காது இருந்தது.
மூக்கு மட்டும் இல்லை.
விலை போகக் காத்திருந்த கிடாக்கள்
நானூறு, ஐந்நூறு வருஷமாக
அங்கேதான் கழுத்தைச் சொறிந்துகொண்டன.
மூக்கிருந்த இடம் பளபளவென்று
வெண்ணெய் தடவியதுபோல் இருந்தது.

கம்பிக்குள் கைவிட்டுத் தொட்டேன்.
ஐந்தே முக்கால் பஸ்ஸில்,
பக்கத்தில் இருந்தவள் ஜன்னலைத் திறக்கும்வரை
என் விரலில்
ஆட்டுக்கிடா வாடை.