முப்பது மில்லி

இருமல் மருந்து மூடியில் ஒரு கோடு.
அதுவரைதான் எனக்கு இளநீர்.
கால் மணிக்கு ஒருமுறை கைபேசி அடிக்கும்.
எடுத்து, உதட்டை நனைத்து,
சுடுகிற டீயைத் தொட்டுப் பார்ப்பதுபோல்
உறிஞ்ச வேண்டும்.

இன்று பன்னிரண்டாம் நாள்.
வயிற்றில் ஐந்து ஓட்டை, ஐந்து ஒட்டு.
வெட்டியெடுத்த இரைப்பையை
ஸ்டீல் தட்டில் வைத்து
சுருளிவேலிடம் காட்டினார்களாம்.
எப்படி இருந்துச்சு என்றேன்.
நம்ம வாங்குற மாதிரிதான் என்றார்.
அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்
குடல் வாங்கப் போகவில்லை.

எதிர்வீட்டுப் பாண்டீஸ்வரிக்குப்
பித்தப்பையில் கல் என்று சொல்லியிருக்கிறோம்.
எந்தக் கல்லுக்கும் வாழைத்தண்டு என்று
தினமும் ஒரு டம்ளர் சாறு கொண்டுவருகிறாள்.
ஒரு டம்ளர் என்பது எனக்கு
ஏறக்குறைய இரண்டு மணி நேரம்.
அப்புறம் குடிக்கிறேன் என்று வாங்கி வைத்து
அவள் தலை மறைந்ததும்
அரளிக்கு ஊற்றுகிறேன்.
அரளி நன்றாகத்தான் இருக்கிறது.

பசியே இல்லை.
பசி இல்லாமல் இருப்பது
இவ்வளவு பயமாக இருக்கும் என்று
யாரும் சொல்லவில்லை.
நாற்பத்தொரு வருஷம் கூடவே கிடந்த ஒருத்தி
சாவியைக்கூடக் கொடுக்காமல் போய்விட்டாள்.
மத்தியானம் ஒரு மணிக்கு
என்ன செய்வதென்று தெரியாமல்
அடுப்படி வாசலில் நிற்கிறேன்.

கோர்ட்டுக்கு எதிரே என் ஜெராக்ஸ் கடையில்
மெஷின் நின்றுபோனால் ஒரு வடை,
ஓடிவிட்டால் ஒன்று,
சில்லறைக்குச் சண்டை பிடித்த வக்கீலுக்காக
இரண்டு, சட்னியோடு.
இப்போது அழுகை வந்தால்
அழத்தான் வேண்டியிருக்கிறது.

ஒன்பதாம் நாள் மறந்துபோய்
தண்ணீரை மடக்கென்று குடித்துவிட்டேன்.
நெஞ்சுக்கு நடுவே ஒரு கதவை
உள்ளேயிருந்து யாரோ உதைத்தார்கள்.
குளியலறைத் தரையில் உட்கார்ந்து,
கடன் வாங்கி, கையெழுத்துப் போட்டு,
எதுக்குடி இது
என்று வாளியைக் கேட்டேன்.

ஏழு கிலோ குறைந்திருக்கிறதாம்.
எங்கேயிருந்து என்று தெரியவில்லை.
செருப்பு வார் மட்டும்
ஒரு துளை உள்ளே போயிருக்கிறது.

ராத்திரி நடக்க வேண்டும்.
மொட்டை மாடியில்
தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி இருபது சுற்று.
பத்து மணிக்கு மேல்தான்
காளவாசல் பக்கம் கொத்துச் சத்தம் உச்சத்துக்குப் போகும்.
தூங்காத ஊர் என்கிறார்கள்.
சாப்பிட்டு முடியாத ஊர் என்பேன் நான்.
வயிறு எதுவும் கேட்கவில்லை.
கைதான், வலது கை,
மூன்று விரலும் தானாகக் குவிந்து
பிட்டு, சால்னாவில் முக்கத் தயாராக நின்றது.
இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.
நாலைந்து சுற்று போனபிறகுதான் தெரிந்தது,
அந்தக் கொத்துக்குத்தான்
கால் எடுத்து வைக்கிறேன்.
அவன் வேகம் எடுத்தால் நானும்.
அவன் கரண்டியைச் சுரண்டித் தட்டும்போது
தொட்டியில் சாய்ந்து
மூச்சு வாங்கிக்கொள்கிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல்
சுருளிவேல் மாடிப்படி வளைவில் நின்று சாப்பிடுகிறார்,
செருப்புகளுக்கு நடுவே.
சோம்பு மென்று, வாய் கொப்பளித்து,
களவாணி மாதிரி உள்ளே வருகிறார்.
நேற்று அவர் சட்டைப் பையோரம்
ஒரு வெங்காயத் துணுக்கு.
உள்ளே வந்து சாப்பிடுங்க என்றேன்.
வேணாம் தாயி என்றார்.
எனக்கு எதிர்லதான் உட்காரணும் என்றேன்.

பொட்டலம் பிரிந்தது. கறிதோசை.
இலையில் எண்ணெய் ஓரம் தேடி ஓடியது.
வாசனை வந்து என் மடியில் ஏறி உட்கார்ந்தது.
உட்காரட்டும்.
அவர் பிட்டார், விழுங்கினார்,
விழுங்குமுன்னே அடுத்ததைப் பிட்டார்.
மெதுவா என்றேன்,
டாக்டரம்மா என்னிடம் சொன்ன அதே குரலில்.
ஒரு வாய்க்கு இருபது தடவை மெல்லணும்.
கன்னம் புடைக்க நிமிர்ந்து பார்த்தார்.
நான் எண்ண ஆரம்பித்தேன்.
பதினாலு என்றபோது
கைபேசி அடித்தது.
மூடியை எடுத்தேன்.