நான்காம் வரி

பிப்ரவரி. சஸ்கட்டூனில் மைனஸ் முப்பத்து நாலு.
கீழே வாகன நிறுத்தத்தில் கார்கள்
மின்கம்பியில் மூக்கணாங்கயிறு போட்டுக் கட்டிய மாடுகளாய்
வரிசையில் நின்றிருந்தன, எஞ்சின் உறையாமலிருக்க.
மேலே ஐந்தாம் மாடியில் நாங்கள் ஏழு பேர்,
பதினோரு கோப்புகள், ஆறிப்போன ஒரு ஃபிளாஸ்க் காப்பி.
இளநிலை வகுப்புகளில் சிறப்பாகக் கற்பித்தவர் யார் என்று
இருட்டுவதற்குள் சொல்லியாக வேண்டும்.

கற்பித்தலை எதைக்கொண்டு அளப்பது?
எவருக்கும் தெரியாது.
தெரியாததை மறைக்கத்தான் படிவம் இருக்கிறது.
ஐந்துக்கு நாலு புள்ளி ஆறு.
ஐந்துக்கு நாலு புள்ளி ஏழு.
ஒரு தசமத்துக்குள் ஒரு மனுஷியின்
இருபத்திரண்டு குளிர்காலங்கள்.

ஒரிசியா ஹ்னாத்யுக், சிவில் துறை.
முதலாமாண்டு நிலையியல், காலை எட்டரை மணி.
இருநூற்று அறுபது பேர், பாதிப் பேர்
பனிக்காலணியோடு உட்கார்ந்தபடியே தூங்குகிறவர்கள்.
ஆய்வுக் கட்டுரைகள் சொற்பம்.
அதை டீன் இரண்டு முறை சொன்னார்,
இரண்டாம் முறை என்னைப் பார்த்து.
நான் வேறொருவருக்கு வாக்களிப்பதாகத்தான் இருந்தேன்.
அதையும் எழுதிவிடுகிறேன்.

கோப்பில் பதினான்கு கடிதங்கள்.
பதின்மூன்று பேர் பொறியாளர்கள்:
பாலம், அணை, ஒருத்தி ஒரு விமான நிலையத்தின் கூரை.
எல்லோரும் தவறாமல் ‘ஊக்கம்’ என்று போட்டிருந்தார்கள்.
பதினான்காவது கோடுபோட்ட தாள், பால்பாயிண்ட் பேனா.
கோல்பி ஃபெர், ரோஸ்தர்ன் பக்கம்.

“அவர் பாடத்தில் நான் இரண்டு தடவை ஃபெயில்.
பிறகு படிப்பையே விட்டுவிட்டேன்.
இந்தக் கடிதம் செல்லுமா தெரியவில்லை.
கடைசித் தாளில் பச்சை மையில் எழுதியிருந்தார்:
பிழை நான்காம் வரியில்.
முதல் மூன்றும் சரி, அவை உன்னுடையவை.
அதற்குப் பிறகு எனக்குப் பயந்து எழுதியிருக்கிறாய்.
இப்போது தானியக் குதிர்களுக்குக் கால் வெல்டிங் செய்கிறேன்.
பற்றவைக்கும் முன் தூசி படிந்த தகரக் கதவில்
விரலால் அம்புக்குறி போட்டுப் பார்ப்பேன்,
எடை எங்கே இறங்குகிறது, எது தாங்குகிறது.
நாலாவது வரி வந்ததும் நின்று மூச்சு விடுவேன்.
என் குதிர் எதுவும் இதுவரை சாய்ந்ததில்லை.”

‘மாணவர் வெற்றிக்கான சான்று’ என்று
படிவத்தில் ஒரு கட்டம்.
ஃபெயிலானவன் கடிதம் அதில் சேருமா?
நாற்பது நிமிடம் வாதாடினார்கள்.
நான் வாய் திறக்கவில்லை.
என் தாள்களில் நான் போடுவது
சிவப்பில் ஒரு பெருக்கல் குறி.
முப்பது ஆண்டாக அது யாரையும்
எந்தக் கதவின் முன்னும் நிறுத்தியதில்லை.

கை தூக்கச் சொன்னபோது தூக்கினேன்.
நாலுக்கு மூன்று.

பேசாதவன் எழுதட்டும் என்று
பாராட்டுரை என் தலையில் விழுந்தது.
எட்டு வரி. பித்தளைத் தகட்டில் ஏறப்போகிறது,
பெயரும் ஆண்டும் சரிபாருங்கள் என்று அனுப்பினேன்.
மறுநாளே என் பெட்டியில் திரும்பி வந்தது.
பச்சை மை.

பெயர் சரி. ஆண்டு சரி.
பிழை நான்காம் வரியில்.

நான் எழுதிய நான்காம் வரி இது:
தன்னிடம் பயின்ற எவரையும் இவர் தோற்க விட்டதில்லை.

அடித்துவிட்டேன். வேறொன்று எழுத வரவில்லை.
பொறிப்பவர் தொலைபேசியில் கேட்டார்,
“நடுவில் ஒரு வரி விட்டுப்போச்சே?”
இடத்தை அப்படியே விடுங்கள் என்றேன்.

ஏப்ரலில் விழா. அவர் பத்து நிமிடம் தாமதம்,
வகுப்பு முடிந்தும் ஒரு பெண்
பலகையை விட்டு நகரவில்லையாம்.
டீன் பேசினார், நீளமாக.
பின்வரிசையில் வேலைச்சட்டையோடு வந்திருந்த ஒருவன்
மேடையைப் பார்க்கவில்லை.
அண்ணாந்து கூரை உத்தரத்தைப் பார்த்தான்,
பிறகு தூணை,
பிறகு தூண் தரையைத் தொடுகிற இடத்தை.

கைதட்டும்போது
நானும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.