எழுபது விழுக்காடு

வெந்நீரில் ஜெலட்டின் கரைத்துக்
கண்ணாடித் தொட்டியில் ஊற்றி
இரவெல்லாம் குளிரறையில் வைத்திருந்தோம்.
காலை ஒன்பதரை வகுப்புக்கு
அதுதான் பூமியின் மேலோடு.
அடியிலிருந்து ஊசி வழியே
ஈரச்சந்தையில் வாங்கிய ரோஸ் சிரப்பை
நீரில் கலந்து செலுத்துகிறாள் ஷஃபீக்கா.

சிவப்பு ஒரு கணம் யோசிக்கிறது.
பிறகு நாணயம்போலத் தட்டையாகி
தன் விளிம்பால் தானே வழிகிழித்துக்கொண்டு
ஏறத் தொடங்குகிறது.

"எப்ப வெளிய வரும், பிராஃப்?"
பின்வரிசையில் ஜுன் காய்.
ஆண்டுதோறும் இதே கேள்வி, வேறு வாய்.
"வரும்னு யார் சொன்னது?"
வகுப்பு சிரிக்கிறது.
ஷஃபீக்கா கையெடுத்ததும்
சிவப்பு பாதி வழியில் நிற்கிறது.
பெரும்பாலும் அப்படித்தான் நின்றுபோகும்.
பாடப்புத்தகத்தில் அதற்கு ஒரு பக்கம்தான்.

எரிமலை இல்லாத தீவில்
எரிமலை கற்பிக்கிறேன்.
புக்கிட் தீமா கருங்கல்கூட
என்றோ வெளியே வர முடியாமல்
உள்ளேயே ஆறிப்போன குழம்புதான்.
ஞாயிறு காலையில் அதன் உச்சிக்கு ஏறி
தண்ணீர் போத்தலோடு படம் எடுத்துக்கொள்கிறோம்,
குரங்குக்குப் பயந்து பையை அணைத்தபடி.

எங்கள் அடித்தளத்து நிலநடுக்கமானி
எட்டு மணி அடித்தால் பதறும்.
புது மாணவர்கள் படியேறி ஓடி வருவார்கள்.
ரயில் பாதைக்குத் தூண் இறக்குகிறார்கள் என்பேன்.
பன்னிரண்டுக்கு அடங்கும்:
ஊழியர்கள் சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்கும் நேரம்.
எந்த மலையின் மூச்சையும்விட
அவர்களின் பசியைத்தான்
நான் துல்லியமாக முன்கூட்டிச் சொல்வேன்.

நீரிணைக்கு அப்பால் ஒரு மலை.
பெயர் வேண்டாம்.
அதன் கண்காணிப்புச் சாவடியில் வர்தோயோ.
பதினோரு ஆண்டாக இருவரும்
ஒரே நெளிகோட்டைப் பார்த்திருக்கிறோம்,
அவர் கிராம்புச் சிகரெட்டோடு,
நான் ஆறிய கோப்பி ஓவோடு.

போன ஜூலையில் கோடு தடித்தது.
சரிவு இருபது நாளில்
ஏழு சென்டிமீட்டர் ஊதியது.
என் சமன்பாடு எழுபது விழுக்காடு என்றது.
நானும் அதையே சொன்னேன்.
வர்தோயோ ஊருக்குச் சொன்னார்.
எந்தச் சொல்லில் என்று கேட்கத் தோன்றவில்லை.

இரண்டு ஊர் லாரி ஏறியது.
மாடுகள் பாதி விலைக்குப் போயின.
முட்டைக்கோஸ் வயலிலேயே அழுகியது.

மலை வெடிக்கவில்லை.

எங்கோ இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில்
ஏதோ ஒன்று கையெடுத்துவிட்டது.

"முப்பதும் ஓர் எண்தானே"
என்றார்கள் துறையில்.
உண்மைதான்.
மூன்று முறை கணக்கைச் சரிபார்த்தேன், பிழையில்லை.
நான்காம் முறை
ஒரு பிழையாவது இருக்கக்கூடாதா என்று தேடினேன்.

வர்தோயோவின் குரல் செய்தி வந்தது.
திரும்பிவந்தவர் ஒருவர் கேட்டாராம்:
சிங்கப்பூரில் இருக்கும் அந்த அம்மாவுக்கு
மாடு இருக்கிறதா?
"இல்லைன்னு சொல்லிட்டேன். சரிதானே?"
பின்னணியில் சேவல் கூவியது.
சரிதான் என்று தட்டச்சு செய்தேன்.
அனுப்ப இரண்டு நாளாயிற்று.

ஆகவே இந்த வாரம் வீட்டுப்பாடம்
சமன்பாடு அல்ல.
இரண்டு மாடு வைத்திருக்கும் ஒருவருக்கு
எழுபது விழுக்காட்டை
ஒரே வாக்கியத்தில் எழுதி வாருங்கள்.
வியாழக்கிழமைக்குள்.

"எத்தனை மதிப்பெண், பிராஃப்?"
"எனக்கே தெரியவில்லை."
அதையும் வேடிக்கை என்று நினைத்துச்
சிரித்துக்கொண்டே போகிறார்கள்.
மின்தூக்கி மூடும் சத்தம்.

ஷஃபீக்கா தொட்டியைக் காட்டுகிறாள்:
கொட்டிடவா?
நாளை வரை இருக்கட்டும் என்கிறேன்.
உள்ளே அந்தச் சிவப்பு
நின்ற இடத்திலேயே நிற்கிறது.

"நாறும், பிராஃப்."