தொப்பூரில் நிற்கும் விருந்தினர்

ஏழு மணி மூன்று நிமிடம்.
வணக்கம் சொல்லியாகிவிட்டது,
வெயிலையும் சொல்லியாகிவிட்டது.
பாலக்கோடு மண்டியில் தக்காளி என்ன விலை என்று
நேற்றைய தாளைப் பார்த்து இன்றைக்கும் படித்துவிட்டு
நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் திம்மராயன்
விருந்தினர் நாற்காலியைக் காட்டிக் கையை விரிக்கிறான்.
நாற்காலி காலி.
மைக் மட்டும் அதைப் பார்த்து
மூக்கை நீட்டிக்கொண்டிருக்கிறது.

தீயணைப்பு நிலையத்துச் சென்றாயன்தான் விருந்தினர்.
இருபத்தாறு வருட சர்வீஸில்
அணைத்த தீயைவிட
கிணற்றிலிருந்து தூக்கிய மாடுகள்தான் அதிகமாம்.
ஓமலூரில் மகள் வீட்டுக்குப் போனவர்
விடியுமுன் பஸ் ஏறி
இப்போது தொப்பூர் கணவாயில் நிற்கிறார்.
முன்னால் ஒரு லாரி கவிழ்ந்துகிடக்கிறது.
டிரைவருக்கு ஒரு கீறல்கூட இல்லை,
ரோடெல்லாம் வெங்காயம்.

ஒரு பாட்டுப் போட்டேன். லாரி அசையவில்லை.
இன்னொரு பாட்டு.
பென்னாகரத்திலிருந்து ஒரு நேயர் வந்தார்.
"பேரு செவத்தான்ங்க. வீட்டுக்காரிக்கு ஒரு பாட்டு வேணும்."
"அவங்க பேரு?"
சத்தமே இல்லை.
பிறகு, தூரத்தில், பாத்திரம் வைக்கும் ஓசையோடு
ஒரு பெண் குரல்: "மறந்துட்டியா?"
திம்மராயன் மேஜைமேல் கவிழ்ந்துவிட்டான்.
மறக்கவில்லையாம்.
ஊரே கேட்கிறபோது சொல்ல வெட்கமாம்.

மூன்றாவது பாட்டு முடியுமுன்
சென்றாயன் லைனில் கிடைத்தார்.
அவர் "வணக்கம்" என்றதும்
பஸ் ஸ்பீக்கரும் "வணக்கம்" என்றது,
அதை அவர் போன் கேட்டு என்னிடம் திரும்பச் சொன்னது.
"டிரைவர் அண்ணே, ரேடியோவைக் கொஞ்சம் கொறைங்க"
என்றதும் ஒலிபரப்பாகிவிட்டது.
அப்புறம் பேட்டி என் கையில் இல்லை.
நான் எழுதிவைத்திருந்த பதினொரு கேள்விகளை
யாரும் கேட்கவில்லை. கண்டக்டர் கேட்டார்,
பின் சீட்டிலிருந்து ஒரு பையன் கேட்டான்,
பூக்கூடையோடு ஓர் அம்மா கேட்டார்,
மாட்டை எப்படிக் கட்டுவீங்க?
"வயித்துக்கு அடியில பெல்ட்டுங்க.
கண்ணைத் துண்டால மூடிருவோம்."
"மாட்டுக்கா?"
"மேல நின்னு அழுவுற ஓனருக்குங்க."

பஸ் சிரித்து ஓய்ந்ததும்
ரேடியோக்காரி கேட்கிற கேள்வியை நான் கேட்டேன்.
மேலே வந்ததும் அந்த மாடு உங்களை எப்படிப் பார்க்கும்?
புல்லாங்குழல் ஒன்று தயாராக இருந்தது.
அவர் குரல் தழுதழுத்தால் தள்ளிவிட
விரலும் தயாராக இருந்தது.

"பாக்காதுங்க.
ஒடம்ப ஒரு உதறு உதறும்,
சேறெல்லாம் நம்ம மூஞ்சியில.
அப்புறம் புல்லு திங்கப் போயிரும்."
"நீங்க?"
"நாங்க டீ குடிக்கப் போயிருவோம்."

எங்கள் தொழிலில் மூன்று விநாடி மௌனம் குற்றம்.
ஐந்து விநாடி விட்டேன்.
அதில் பஸ் எஞ்சின் உறுமியது,
யாரோ "ரைட், ரைட்" என்றார்கள்,
டயருக்கடியில் வெங்காயம் நசுங்குவது
தருமபுரி முழுக்கக் கேட்டது.

ஏழு ஐம்பதுக்கு இன்றைய சிந்தனை.
செய்ந்நன்றி பற்றி
ராத்திரி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன்,
ஒரு நாய், ஒரு வாழைமரம், ஒரு குறள் எல்லாம் போட்டு.
அதை நாலாய் மடித்து
ஆடுகிற மேஜைக் காலுக்கடியில் வைத்தேன்.
மேஜை நின்றது.
"மணி ஏழு ஐம்பத்தொன்று.
தொப்பூரில் வண்டிகள் நகர்கின்றன" என்றேன்.
புல்லாங்குழலை அதற்குப் பிறகு போட்டேன்.

எட்டே முக்காலுக்கு
மாடி ஏறி மூச்சு வாங்க வந்தார்,
கைக்குட்டையில் நாலு வெங்காயம் முடிந்துகொண்டு.
"எங்கீங்க பேசணும்?"
"பேசியாச்சுங்க."
"அட, அதுதானா பேட்டி?"
மைக் எதிரே உட்கார்ந்து டீ குடித்தார்.
வெங்காயத்தை மேஜையில் வைத்துவிட்டு எழுந்தார்.

படியில் திரும்பிப் பார்ப்பார் என்று
வாசலில் நின்றேன்.
கீழே டயர் கடையைத் தாண்டி
பாலக்கோடு பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தார்.