முள்ளோடைக்கு இந்தப் பக்கம்

கடிக்கச் சொல்லி எடுத்த எக்ஸ்ரேக்கள் நூற்று நாற்பது.
கதவைச் சாத்தி, விளக்கணைத்து
ஒவ்வொன்றாய்ப் பார்க்கிறோம், நானும் பிலோமினாவும்.
ஒருத்தி எழுதுவதை மற்றவள் எட்டிப் பார்க்கக் கூடாது.

வாயைத் திறந்து பார்த்தால் ஒன்றுமில்லை.
பல்லும் பல்லும் உரசும் இடத்துக்குச் சற்றுக் கீழே
பிரஷ் நுழையாத சந்தில்
எள்முனை அளவு நிழல்.
அது எதுவரை போயிருக்கிறது என்பதுதான் கேள்வி.

எனாமலின் வெளிப்பாதியோடு நின்றால் ஈ-ஒன்று.
உள்பாதிக்கு வந்துவிட்டால் ஈ-இரண்டு.
எல்லை தாண்டி டென்டினில் கால் வைத்தால் டி-ஒன்று,
அப்புறம் இரண்டு, மூன்று,
அதற்கும் அப்பால் நரம்பு. அதற்கு எண் வேண்டாம்,
ராத்திரி இரண்டு மணிக்கு அவர்களே எழுந்து உட்கார்ந்து சொல்வார்கள்.

நூற்றுப் பதிமூன்று.
இடது கீழ்வரிசை, ஐந்தாம் பல்லை ஒட்டி ஆறாவதில்.
போன மாதம் ஈ-இரண்டு என்று எழுதியவள்
இன்று டி-ஒன்று என்று எழுதியிருக்கிறேன்.
படம் அதே படம்.
பிலோமினாவுக்கு இரண்டு தடவையும் ஈ-இரண்டு.
“உனக்குத்தான் அவசரம்” என்கிறாள், ஒப்பிடும்போது.

கோட்டுக்கு இந்தப் பக்கம் என்றால்
ஃப்ளோரைடு பூசி, ஆறு மாதம் கழித்து வாங்க எனலாம்.
அந்தப் பக்கம் என்றால் எங்கள் சார் ட்ரில்லை எடுத்துவிடுவார்.
துளைத்தது துளைத்ததுதான்.

சாயங்காலம் கடலூர் பஸ்.
முள்ளோடை வரை சாராயக்கடை விளக்குகள்,
பிறகு சட்டென்று இருட்டு, தமிழ்நாடு.
சாலையில் கோடு எதுவும் போட்டிருக்கவில்லை.
போலீஸ்காரர் ஏறிப் பைகளைத் தடவிவிட்டு இறங்குகிறார்.

கண்டக்டர் கலிவரதன், பேட்ஜில் பெயர்,
கிழிந்த டிக்கெட்டைக் கூராய் மடித்து
இடது கடைவாயில் விட்டுக் குடைகிறார்.
நாக்கைச் சப்பி ஒரு ‘ட்ச்’.
படங்களில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான்.
இருந்தும் கேட்டுவிட்டேன்:
“ஐஸ் தண்ணி குடிச்சா கூசுதா?”
“இனிப்புக்கு மட்டும். அதுவும் எப்பவாவது.
சில்லறையா குடும்மா.”

எப்பவாவது என்பதற்கு
எங்கள் தாளில் கட்டம் இல்லை.

பெண்ணையாற்றுப் பாலம் வரை
என் இடது கடைவாயை
நாக்கால் தடவிக்கொண்டே வந்தேன்.
வழவழவென்றுதான் இருந்தது.