பொய்க்குத்து

முப்பத்தாறாவது கிழமை.
மேசைக்கு மேல் என் இடுக்கி நுனியில்
மயிரளவு திருகாணி ஒன்று.
மேசைக்குக் கீழே வயிறு இறுகுகிறது.
கை அசையக் கூடாது. அசையவில்லை.
வயிறு மட்டும் ஒரு பக்கம் கோணி, விறைத்து,
என்னைக் கேளாமலே தன் வேலையைப் பார்த்துவிட்டு
மெல்ல இளகியது.

பக்கத்து மேசை ஜோசியான்
ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியோடு திரும்பி
"பொய்" என்றாள், பிரெஞ்சில்.
இரண்டு பெற்றவள்.

பீல் நகரில் தெருவுக்கு இரண்டு பெயர்.
தரிப்பிடத்தைப் பஸ் இரண்டு தரம் சொல்லும்.
என் வயிற்றுக்கு மூன்று.
மருத்துவிச்சி ஏஷ்லிமான் ஜெர்மனில் "பயிற்சி" என்றாள்.
அம்மா போனில்,
"பொய்க்குத்தடி, சுடுதண்ணி குடிச்சிட்டுப் படு."
பொய்க்கு இரண்டு வாக்கு, பயிற்சிக்கு ஒன்று.
எதற்கும் வாக்கெடுக்கும் இந்த நாட்டில்
அதோடு அது முடிந்த கதை.

ஆனாலும் போன ஞாயிறு இரவு நம்பிவிட்டோம்.
துஷாந்தன் ரெஸ்ரோறன்ற் உடுப்போடு,
விரலில் வெங்காய மணத்தோடு ஓடி வந்தான்.
டாக்சிக்கு முப்பத்திரண்டு பிராங்க்.
வயிற்றில் பட்டி கட்டினார்கள்.
மெஷின் காகிதத்தில் மலை மலையாய்க் கீறியது.
எட்டிப் பார்த்த தாதி சிரித்தாள்:
"இதெல்லாம் ஜூரா.
அல்ப்ஸ் இன்னும் வரவில்லை."
விடிய முதல் பஸ்ஸுக்குக் காத்து நின்றோம்,
நடுவில் பிள்ளையின் பை,
அதற்குள்ளே தலையில்லாத தொப்பி.

நான் பார்ப்பது ஒழுங்கு பிடிக்கிற வேலை.
நாளுக்கு நாலு வினாடி பிசகினால்
மணிக்கூட்டைத் திரும்பத் திறப்போம்.
இங்கே பிசகினால்தான் நல்லதாம்.
ஏழு நிமிடம், இருபது, பதினொன்று,
பிறகு பின்னேரம் முழுக்க ஒன்றுமில்லை.
"அருமை, ஒழுங்கே கிடையாது" என்கிறாள் ஏஷ்லிமான்.
ஒழுங்கு வருகிற அன்றைக்கு
யோசிக்காமல் போன் எடுக்கட்டாம்.

தொட்டுப் பார்க்கவும் அவள்தான் பழக்கினாள்.
கன்னம் போலிருந்தால் சும்மா இருக்கிறது.
நெற்றி போலிருந்தால் இறுகுகிறது.

மூன்று பன்னிரண்டு.
மூன்று முப்பத்தொன்று.
மின்சார பில்லின் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.
துஷாந்தனை எழுப்பவில்லை,
ஒரு பொய்க்கு ஒரு தரம் எழுப்பினால் போதும்.
ஒரு கை என் வயிற்றில்,
மற்றக் கையை அவன் நெற்றியில் வைத்தேன்.
இரண்டும் ஒரே கடினம்.
மூச்சை எண்ணிக்கொண்டு கிடந்தேன்.
வயிறு கன்னமானது.
அவன் நெற்றி அப்படியே கிடந்தது,
வாடகை, தொட்டில், டாக்சி என்று
நித்திரையிலும் கணக்குப் பார்க்கிறவன் மாதிரி.
விரலால் மெல்லத் தடவிப் பார்த்தேன்.
இளகவில்லை.

அடுத்ததும் வந்தது.
முந்தினதைவிடக் கொஞ்சம் நீளம்,
அல்லது எனக்கு அப்படிப் பட்டது.
நேரம் எழுதவில்லை.
பேனை கட்டிலுக்குக் கீழே உருண்டுவிட்டது.
குனிந்து எடுக்க
உள்ளே இருக்கிற ஆள் விடாது.