திரும்பும் தேதி

டனீடனில் மழை. சமையல் மேசையில்
விண்ணப்பத்தின் பதினோராம் பக்கம்.
மைத்தே வல்பரைசோவில் இன்னும் நேற்றில் இருக்கிறாள்,
திரையில் பல் துலக்குகிறாள்.

சேர்ந்து வாழ்ந்ததற்குச் சான்று?
ஒரே ஒரு மின்கட்டண ரசீது, அதிலும் என் பெயர் மட்டும்.
சண்டை போட்ட இரவுகளுக்கு
யார் ரசீது தந்தார்கள்?

ஒன்பது மாதம் முடிந்ததும்
கிளம்பிவிடுவாள் என்பதற்கு?
அவளுடைய வேலைக் கடிதம், வாடகை ஒப்பந்தம்,
அவள் அம்மாவின் முழங்கால் அறுவைக்குக் குறித்த நாள்.
அவள் போவதற்கான காரணங்களை
நானே ஒவ்வொன்றாய் ஸ்கேன் செய்கிறேன்.

வாயில் நுரையோடு சிரிக்கிறாள்:
"துரத்துவதில் கெட்டிக்காரன்டா நீ."

திரும்பும் டிக்கெட்டும் எடுத்தாயிற்று.
தேதியை மாற்றிக்கொள்ள
நாற்பது டாலர் கூடுதல்.
அந்த ரசீதை மட்டும்
எந்தப் பக்கத்தோடும் இணைக்கவில்லை.